ஓர் ஈயின் விலை 10,000 பாட்

பாங்காக்கில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படி. இசைக்கருவி விற்கும் நிறுவனமொன்றின் விற்பனையாளன் அங்கே ஒதுங்கி நிற்கிறான். வேலை போய்விட்டது. தவணை கட்டாத காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவுக்கு வேறு பணம் அனுப்ப வேண்டும். கைபேசி அடிக்கிறது. முன்பின் தெரியாத குரல், மிகுந்த மரியாதையோடு பேசுகிறது: பக்கத்தில் ஓர் ஈ இருக்கிறது பாருங்கள், அதை அடித்துக் கொன்றால் 10,000 பாட் உங்களுக்கு. அடிக்கிறான். அடுத்து, செத்த ஈயை எடுத்து விழுங்கினால் 50,000.

ஈ ஒன்றுதான். விலை ஐந்து மடங்கு ஏறிவிட்டது.

2006 அக்டோபரில் தாய்லாந்தில் வெளியான ‘13’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. அந்நாட்டு மொழியில் ‘சிப்சாம் கேம் சயோங்’. சிப்சாம் என்றால் 13, சயோங் என்றால் உடம்பு சிலிர்க்கும் திகில். வெளிநாடுகளுக்கு அது ‘13 பிலவ்ட்’ என்ற பெயரில் போனது. எகாசித் தைரத் வரைந்த ‘மை மேனியா’ என்ற சித்திரக்கதைத் தொகுப்பிலிருந்து ஒரு கதையை எடுத்து இயக்கியவர் சூகியட் சக்வீரகுல். அப்போது அவருக்கு வயது 25. மொத்தம் 13 பணிகள், முடித்தால் 10 கோடி பாட். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 12 கோடி ரூபாய். நாயகன் பெயர் பூச்சித், சுருக்கமாக சித். ஈயில் தொடங்கும் கதையின் நாயகன் பெயர் தமிழ்க் காதில் ‘பூச்சி’ என்று விழுவது தற்செயல்தான். ஆனால் ஒருமுறை விழுந்துவிட்டால் மறக்க முடிவதில்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக அதன் நடுப்பகுதிக்குத் தாவிவிடுவார்கள். அங்கே ஓர் உணவகக் காட்சி இருக்கிறது. மூடியைத் திறந்தால் தட்டில் மலம். கிணற்றுக்குள் கிடக்கும் பிணம் இருக்கிறது. பேருந்தில் அடிதடி இருக்கிறது. எனக்கு ஈ போதும். இவ்வகைக் கதைகள் எல்லாம் ‘பணத்துக்காக மனிதன் எதுவரை போவான்’ என்று கேட்பதுபோலத் தோன்றும். அதற்குப் பதில் சுலபம்: கடைசிவரை போவான். எந்த இடத்தில் போக ஆரம்பித்தான் என்பதுதான் சொல்லக் கடினமானது. அதை இந்தப் படம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஈயை அடிப்பது குற்றமில்லை. தினமும் செய்வதுதான். ஆனால் இதுவரை சும்மா செய்ததற்கு இன்று கூலி வந்துவிட்டது, கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அந்த நொடியிலேயே அவன் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. மீதி எல்லாம் பதவி உயர்வு.

பணம் வைத்துப் பந்தயம் கட்டி மனிதனைச் சோதிக்கும் கதைகளுக்கு வயது அதிகம். செகாவின் ‘பந்தயம்’ 1889இல் வந்தது. 15 ஆண்டுகள் தனி அறையில் அடைந்து கிடந்தால் 20 லட்சம் என்று ஒரு வங்கிக்காரர் சவால் விடுகிறார். இளம் வழக்கறிஞன் ஏற்றுக்கொள்கிறான். கெடு முடியச் சில மணி நேரமே இருக்கும்போது வெளியேறிப் பணத்தை உதறுகிறான். ரோல்ட் டாலின் ‘தெற்கிலிருந்து வந்த மனிதர்’ 1948. சிகரெட் லைட்டர் தொடர்ந்து பத்து முறை பற்றினால் காடிலாக் கார். ஒருமுறை தவறினாலும் சுண்டுவிரல் போய்விடும். இரண்டிலும் பந்தயம் ஒன்றே ஒன்று. இன்னது கிடைக்கும், இன்னது போகும் என்று தெரிந்தே கை கொடுக்கிறார்கள். படிக்கட்டு அங்கே இல்லை.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கொண்டுவந்தது தொலைக்காட்சி. 1958இல் ராபர்ட் ஷெக்லி எழுதிய சிறுகதையைக் கொண்டு 1970இல் மேற்கு ஜெர்மனியில் ‘மில்லியன் ஷ்பீல்’ என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. ஒரு வாரம் கொலையாளிகளிடம் அகப்படாமல் ஓடினால் பத்து லட்சம் மார்க் பரிசு என்று ஒரு நிகழ்ச்சி. அதன் நேரலை போலவே எடுத்திருந்தார்கள், இடையிடையே விளம்பரங்கள் உட்பட. ஒளிபரப்பானபின் நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன. கண்டித்து எழுதியவர்கள் இருந்தார்கள். அடுத்த ஓட்டத்துக்குத் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள்.

ஜப்பானில் 1996இல் நோபுயுகி ஃபுகுமோட்டோ தொடங்கிய ‘கைஜி’ சித்திரக்கதை இந்த வகையைக் கடனோடு முடிச்சுப் போட்டது. உடன் வேலை பார்த்தவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கைஜி. அந்த ஆள் மறைந்துவிட, 3 லட்சம் யென் கடன் வட்டியோடு 38 லட்சத்து 50 ஆயிரமாகி இவன் தலையில் விழுகிறது. அடைக்க வழி, ஒரு சூதாட்டக் கப்பலில் ஏறுவது. பின்னால் ஓரிடத்தில் கடனாளிகள் இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இரும்பு உத்தரத்தின் மேல் நடக்கிறார்கள், பணக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கொரியாவின் ‘ஸ்க்விட் கேம்’ எழுதிய ஹ்வாங் டாங் ஹ்யுக், தானே கையில் காசில்லாமல் சித்திரக்கதைக் கடைகளில் பொழுதைப் போக்கிய நாட்களில்தான் அந்தக் கதை பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அது 2008ஐ ஒட்டிய காலம். தொடர் வெளிவர 2021 ஆனது. 456 பேர், தலைக்கு 10 கோடி வொன். சித்துக்கும் பேசியது 10 கோடிதான். நாணயம்தான் வேறு.

இந்த வரிசையில் தாய்லாந்துப் படம் நடுவில் நிற்கிறது. மற்றவற்றிலிருந்து ஒரு காரியத்தில் அது விலகுகிறது. கைஜிக்குக் கப்பல் உண்டு, கொரியர்களுக்குத் தீவு உண்டு. ஊரை விட்டு வேறொரு களத்துக்குப் போகிறார்கள், சீருடை போடுகிறார்கள், இது விளையாட்டு என்று அவர்களுக்கே தெரிகிறது. சித்துக்குக் களம் கிடையாது. அவன் ஓடுவது தினமும் ஓடிய பாங்காக் தெருக்களில். ஒரு பணி, மூன்று குழந்தைகளை அழவைப்பது. இன்னொன்று, பிச்சைக்காரனிடமிருந்து காசைப் பிடுங்குவது. எதிரில் இருப்பவர்களுக்கு விளையாட்டு நடப்பதே தெரியாது. அழுகிற குழந்தைக்கு அவன் யாரோ ஒரு பொல்லாத மாமா.

ஏன் நடுவில் நிறுத்துவதில்லை? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில்.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். கருவியில் 30 விசைகள். முதல் விசை 15 வோல்ட், ஒவ்வொன்றும் 15 கூடி, கடைசி 450. அடுத்த அறையில் இருப்பவர் தப்பான பதில் சொல்லச் சொல்ல விசையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மின்சாரம் பொய், அலறல் நடிப்பு. விசை போடுகிறவருக்கு மட்டும் அது தெரியாது. அதிகம் பேசப்படும் சுற்றில் 40 பேரில் 26 பேர் 450வரை போனார்கள். கூலி 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். நடுவில் எழுந்து போனாலும் அந்தப் பணம் அவர்களுக்குத்தான். ஆக, ஏற்றிவிட்டது பணமில்லை. எடுத்தவுடன் 450ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 300 போட்டவனுக்கு 315ஐ மறுக்கக் காரணம் கிடைக்காது. மறுத்தால் 300க்கு என்ன பதில்? சித்தின் ஈ அந்த 15 வோல்ட்.

1966இல் ஜொனாதன் ஃப்ரீட்மனும் ஸ்காட் ஃப்ரேசரும் கலிஃபோர்னியாவில் இதைவிடச் சாதுவான ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பெரிய அவலட்சணமான பலகையை உங்கள் வீட்டு வாசலில் நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு 17 விழுக்காட்டினர்தான் சரி என்றார்கள். இரண்டு வாரம் முன்பே வந்து அதே விஷயத்துக்கு ஒரு சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போன வீடுகளில் 76 விழுக்காட்டினர் தலையாட்டினார்கள். இதில் ஒரு காசுகூடக் கைமாறவில்லை.

2010இல் பிரான்ஸ் 2 தொலைக்காட்சி மில்கிராமின் கருவியைப் போட்டி நிகழ்ச்சி மேடைக்குக் கொண்டுவந்தது. விளக்குகள், தொகுப்பாளினி, கைதட்டும் கூட்டம் எல்லாம் உண்டு. முன்னோட்ட நிகழ்ச்சி என்பதால் பரிசு மட்டும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் உச்ச விசைவரை போனார்கள். பல்கலைக்கழகச் சோதனையாளரின் சாம்பல் நிற அங்கிக்குக் கிடைத்ததைவிடத் தொலைக்காட்சி மேடைக்குக் கீழ்ப்படிதல் அதிகம் கிடைத்தது.

அப்படியானால் கதைகளில் பணம் எதற்கு? எனக்குத் தோன்றுவது, அது சாக்கு. தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம். இவ்வகைக் கதைகள் பலவற்றில் இடையில் விலகினால் அதுவரை சேர்ந்ததும் போய்விடும் என்று ஒரு விதி இருக்கும். அந்த விதி வந்தபின் வென்ற பணம் பரிசாக இருப்பதில்லை, பிணையாகிவிடுகிறது. ‘சூது’ அதிகாரத்தில் வள்ளுவர் தோல்வியைப் பற்றிப் பேசுமுன் வெற்றியைத்தான் பிடித்துக்கொள்கிறார். மீன் விழுங்கிய தூண்டில்போல என்கிறார். சித்திரக்கதைக்காரர்களுக்கு அந்த உவமை தெரிந்திருக்க நியாயமில்லை. கதை அதேதான்.

இனி தாய்லாந்து. அந்த மண்ணை விட்டுவிட்டுப் பார்த்தால் ‘13’ வெறும் அருவருப்புப் பட்டியலாகிவிடும்.

1997 ஜூலை 2 அன்று அந்நாட்டு அரசு பாட்டை மிதக்கவிட்டது. சுமார் 25 பாட்டுக்குக் கிடைத்த டாலர், அடுத்த ஜனவரிக்குள் 50ஐத் தாண்டியது. நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. பாங்காக்கில் ‘முன்னாள் பணக்காரர் சந்தை’ என்றே ஒன்று கூடியது. விற்கக் கூடிய கார், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பங்குச் சந்தையிலும் கட்டட வியாபாரத்திலும் கோடிகளைப் பார்த்த சிரிவத் வோரவேத்வுத்திகுன், கழுத்தில் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடைபாதையில் சாண்ட்விச் விற்றார். நாடே அவரைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அவர் நொடித்துப்போனது மட்டுமில்லை. நொடித்தவர் நூறு பேர் இருந்தார்கள். இவர் அதை எல்லோரும் பார்க்கச் செய்தார். தாய்லாந்தில் ‘சியா நா’ என்று ஒரு சொல் உண்டு, நேர்ப்பொருள் முகத்தை இழப்பது. கடனைவிடப் பயப்பட வேண்டியது அது.

கந்துவட்டிக்கு அங்கே ‘முறைக்கு வெளியே உள்ள கடன்’ என்று பெயர். முறைக்கு உள்ளே இருக்கும் கடனும் குறைச்சலில்லை. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்துக் குடும்பங்களின் கடன் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டை ஒட்டி நின்றது. சித் இந்தச் சமூகத்தின் நடுப்படியில் நிற்கும் பிள்ளை. டை கட்டியிருக்கிறான், கையில் காசில்லை. தவிர, அவனுக்குக் ‘கிரெங் ஜை’ அதிகம். மற்றவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று தயங்கும் குணம், நம் தாட்சண்யத்துக்குப் பக்கத்து வீடு. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளுக்குத்தான் மரியாதையாகப் பேசும் குரலிடம் முடியாது என்று சொல்ல வராது. பணிகளைக் கவனித்தால், முதலில் அவை உயிரைக் கேட்பதில்லை, முகத்தைக் கேட்கின்றன. குழந்தையை அழவைப்பது, பிச்சைக்காரனிடம் பிடுங்குவது, உணவகத்தில் எல்லோர் நடுவிலும் அந்தத் தட்டை முன்னால் இழுத்துக்கொள்வது. முகம் போனபின்தான் இரத்தம் வருகிறது.

சித்தாக நடித்த கிருஷ்ஷடா சுகோசோல் கிளாப், ‘ப்ரூ’ என்ற ராக் இசைக்குழுவின் பாடகர். பாங்காக்கில் பெயர் பெற்ற ஹோட்டல்களை நடத்தும் குடும்பத்தின் வாரிசு. கடனில் மூழ்கியவன் வேடத்துக்கு அவரைப் பிடித்தது யார் குறும்போ தெரியாது. ஆனால் அந்த நீண்ட முகத்தில் பணிவும் பதற்றமும் கூடி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வேறு யாரையும் நினைக்க முடியவில்லை. ‘லுக் க்ருங்’, அதாவது பாதிப் பிள்ளை என்று அங்கே அழைக்கப்படும் கலப்புப் பெற்றோர் மகன் அவர், பாத்திரமும் அப்படியே. கதையில் சித்தின் வெளிநாட்டுத் தகப்பன் முரடன். அந்தக் குழந்தைப் பருவத்தை விளையாட்டை நடத்துகிறவர்கள் நன்றாகப் படித்துவைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்துத் திகில் படம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பேய். 2004இல் வந்த ‘ஷட்டர்’, தமிழில் ‘சிவி’யாக 2007இல் வந்தது. 2007இன் ‘அலோன்’, 2012இல் ‘சாருலதா’வானது. அவை சுலபமாக ஊர் மாறியதில் வியப்பில்லை. செய்த பாவம் தேடி வந்து கழுத்தில் உட்காரும் என்ற கணக்கு இரண்டு ஊருக்கும் பொது. புண்ணியம் அங்கே ‘புன்’, பாவம் ‘பாப்’. சொல்லே ஏறக்குறைய ஒன்று. ‘13’இல் பேய் கிடையாது. இருக்கிற ஒரே அமானுஷ்யம் கைபேசி. பேய்ப் படத்தில் பாவத்துக்கான ரசீது காலம் கடந்து வருகிறது. இங்கே பாவத்துக்கான கூலி உடனுக்குடன் வருகிறது. கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். புத்தம் வேரோடிய ஒரு சமூகத்தின் பார்வையாளருக்கு இதைவிடப் பயமுறுத்தும் பேய் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

அதே ஊரில் பேயும் பணமும் சுமுகமாகவும் இருப்பதுண்டு. பாங்காக்கின் மஹாபுத் கோயிலில் மே நாக் என்ற பெண் பேய்க்குச் சன்னதி இருக்கிறது. பிரசவத்தில் இறந்தும் கணவனை விட்டுப் போகாதவள். அரசு லாட்டரிச் சீட்டுக் குலுக்கல் மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும். அதற்கு முன்னால் எண் கேட்டு அவளிடம் போகிறார்கள், சீட்டு விற்பவர்களும் அங்கேயே கடை போட்டிருக்கிறார்கள். பேயிடம் எண் கேட்க வெட்கப்படாத நகரத்தில்தான் முகமில்லாத குரல் ஒன்று பணம் தருகிறேன் என்கிறது.

‘13’ ஒரு நகைச்சுவை என்று சொன்னால் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் படத்தின் முதல் பாதி பெரும்பாலும் சிரிப்புத்தான். சித்தின் இக்கட்டைவிட அவனுடைய நாகரிகம்தான் சிரிக்கவைக்கிறது. மூன்று குழந்தைகளை அழவைக்க வேண்டியவன் பூங்காவில் சுற்றிலும் பெற்றோர் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு தவிக்கும்போது, இலக்கை முடிக்க அலையும் விற்பனைப் பிரதிநிதிக்கும் அவனுக்கும் வித்தியாசமில்லை. நாமும் சிரித்துவிடுகிறோம். சிரித்தபின், அடுத்த பணிக்கு நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். திகில் படம் அலறலில் தொடங்கினால் பார்வையாளன் தற்காப்போடு உட்காருவான்; சிரிக்கவைத்தால் அவனும் ஈயை அடித்துவிட்டான் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் டேனியல் ஸ்டாம் இதை 2014இல் ‘13 சின்ஸ்’ என்று மறு ஆக்கம் செய்தார். நேர்த்தியான படம். ஆனால் நாயகனுக்குக் கர்ப்பிணியான காதலி, மனவளர்ச்சி குறைந்த தம்பி, வெறுப்பை உமிழும் தகப்பன் என்று நியாயங்களைக் குவித்துவிட்டார்கள். இவ்வளவு காரணம் கொடுத்தால் யார்தான் ஈயை அடிக்கமாட்டார்கள்? காரணங்கள் கூடக் கூடப் படிக்கட்டு மறைந்துவிடுகிறது. அதைவிட 2013இல் வந்த இ. எல். காட்ஸின் ‘சீப் த்ரில்ஸ்’ எனக்கு மேல். பணமுடையில் இருக்கும் இரண்டு பழைய நண்பர்களிடம் ஒரு பணக்காரத் தம்பதி இரவு முழுக்கச் சவால் விடுகிறார்கள். சுண்டுவிரலை வெட்டும் பேச்சு வரும்போது, தொகையைக் குறைத்துக் கேட்கிறான் ஒருவன், நண்பனிடமிருந்து வேலையைப் பறிக்க. தாய்லாந்துப் படத்தில் விலை ஏறிக்கொண்டே போகிறது. இதில் ஆள் இருவரானவுடன் இறங்கத் தொடங்குகிறது. கூலிச் சந்தையை அறிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

‘13’க்கும் குறைகள் உண்டு. சித்தின் சக ஊழியை தோங் கணினியைத் துருவி விளையாட்டின் பின்னணியைத் தேடும் கிளைக்கதையும், போலீஸ் விசாரணையும் மூலக்கதையின் வேகத்தைப் பிடித்து இழுக்கின்றன. பின்பாதி சிரிப்பை மறந்து இரத்தத்தை நம்பிவிடுகிறது. முகமில்லாமல் இருந்தவரை அந்தக் குரலுக்கு இருந்த பலம், விளக்கம் வரத் தொடங்கியதும் பாதியாகிவிடுகிறது. 13ஆவது பணி என்ன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை; அது சித்தின் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே இயக்குநர்தான் அடுத்த ஆண்டே ‘லவ் ஆஃப் சியாம்’ என்று இரண்டு பையன்களின் காதலை அத்தனை மென்மையாக எடுத்தார் என்றால், அந்தக் குழந்தைப் பருவக் காட்சிகளின் வலி எங்கிருந்து வந்ததென்று ஓரளவு புரியும்.

படம் வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 19 அன்று, இராணுவம் பிரதமர் தக்சினின் ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. பாங்காக் தெருக்களில் டாங்கிகள் நின்ற நேரம். வெளியான அதே மாதத்தில் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்குவதாக அறிவித்தது. படத்தில் சித்தின் அவமானங்களை எங்கெங்கோ இருக்கும் சந்தாதாரர்கள் இணையத்தில் பார்க்கிறார்கள். அன்று அதைக் கதாசிரியரின் கற்பனை வீச்சு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு நண்பர் வீட்டில். தட்டு மேசைக்கு வந்ததுமே அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இப்படியெல்லாமா படம் எடுப்பார்கள், இதைப் போய்ப் பார்ப்பார்களா என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். காபி கலந்துகொண்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தின்னுட்டானா?”

“தின்னுட்டான்.”

உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“எவ்வளவு குடுத்தாங்க?”